தூசி என்று நான் துடைத்த நாற்பத்தொன்று

புனேயில் படம் திருத்தும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதலில் என் ஆழ்ந்த வாழ்த்துகள். இனி எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் உங்களால் படத்தை ரசிக்க முடியாது. ஓரத்தில் எதை வெட்டியிருக்கிறார்கள், வானத்தை எத்தனை தடவை தேய்த்திருக்கிறார்கள் என்றுதான் கண் போகும். எனக்கு இருபத்தெட்டு வருடம் அப்படிப் போன கண், ஓய்வு பெற்ற பிறகும் திரும்பி வரவில்லை. போன மாதம் உறவுக்காரர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டியபோது, மாப்பிள்ளையின் ஒரு காது மற்றதைவிட வெளுத்திருக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அந்த வீட்டில் எனக்குக் காபிகூட வரவில்லை.

உங்கள் வாட்ஸப் குழுவுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது என்று எனக்குத் தெரியும். படிக்கத் தெரிந்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று நான் சொல்லப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் ஒரு மனிதரின் மானம் போகப் பார்த்தது.

நான் வேலை செய்தது ஔந்தில் ஒரு போட்டோ பிரிண்ட் கடையில். கீழ்த்தளத்தில் பாஸ்போர்ட் படம், மாடியில் பெரிய பிரிண்ட். மாடியில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி என் மேஜை. கல்யாணம் இல்லாத மாதங்களில் எங்களை வாழவைத்தவர்கள் வனவிலங்குப் புகைப்படக்காரர்கள். அமெச்சூர் என்று மட்டும் அவர்களைச் சொல்லிவிடாதீர்கள், முகம் வாடிவிடும். திங்கள் முதல் வெள்ளி வரை கம்ப்யூட்டர் முன்னால் இருப்பார்கள். சனிக்கிழமை விடிந்ததும் உடம்பெல்லாம் இலை அச்சடித்த சட்டையை மாட்டிக்கொண்டு பிக்வண் நீர்த்தேக்கத்துக்குப் பூநாரை பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். அந்தச் சட்டை போட்டால் பூநாரைக்கு ஆள் தெரியாதாம். ஆள் வந்து இறங்கிய வெள்ளைக் கார் தெரியாதா என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை அவர்கள் எல்லாரும் என் மேஜைக்கு வருவார்கள். ஒருவர் மரங்கொத்தியைக் கொண்டுவந்து, மரம் கொஞ்சம் இடைஞ்சலாக இருக்கிறது, எடுத்துவிட முடியுமா என்றார். நரியின் கண்ணில் ஒளிப்புள்ளி வைக்கச் சொன்ன இன்னொருவரிடம், அன்றைக்குச் சூரியன் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டேன். "உங்களுக்கு எது வசதியோ அந்தப் பக்கம்" என்றார். மூன்றாமவர் மான் படத்தைக் காட்டி, இது புலியைப் பார்த்துப் பயந்த மாதிரி இருக்க வேண்டும் என்றார். அது அவரைப் பார்த்துத்தான் பயந்திருந்தது.

வருடத்துக்கு ஒரு தடவை, மழைக்காலத்தில், ஒரு சங்கம் வனவிலங்குப் படக் கண்காட்சி நடத்தும். அதன் விதி ஒரே வரிதான். வெளிச்சம் கூட்டலாம், குறைக்கலாம், ஓரம் வெட்டலாம், கேமராவுக்குள் ஒட்டிய தூசியின் தடத்தைத் துடைக்கலாம். அந்த இடத்தில் உண்மையில் இருந்த எதையும் எடுக்கவும் கூடாது, இல்லாத எதையும் சேர்க்கவும் கூடாது. தேர்வான படத்துக்குக் கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பைக் காட்ட வேண்டும். இந்த விதியை என் மேஜைக்கு எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தேன். வருகிறவர்கள் அதைப் படித்துத் தலையாட்டிவிட்டு, மரத்தை எடுக்கச் சொல்வார்கள்.

இந்தக் கூட்டத்தில் சேராத ஒருவர் நடராஜ். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்கிய வயது. சிஞ்ச்வட்டில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். லைனில் ஓடிவரும் சாமானை எடுத்து, அளந்து, தேறுமா தேறாதா என்று சீட்டுக் கட்டுவதுதான் அவர் வேலை. குறையுள்ள சாமானைக் கொஞ்சம் அரத்தால் ராவி, நல்லதாகக் காட்டி உள்ளே தள்ளப் பார்ப்பார்களாம். அதைப் பிடிப்பதில் அவர் பெயர் வாங்கியவர். அவர் கையெழுத்துப் போட்டால் மறுபடி யாரும் அளக்க மாட்டார்கள் என்பதை ஒரு தடவை கூச்சத்தோடு சொன்னார். இலைச் சட்டை அவரிடம் கிடையாது. பழைய கேமரா ஒன்றை இரண்டாம் கையாக வாங்கி, தன் குடியிருப்பின் மொட்டை மாடியிலிருந்தும் பின்னால் இருந்த காலி மனையிலிருந்தும் எடுப்பார். புலி இல்லை, பூநாரை இல்லை. மைனா, ஓணான், கரிச்சான். எங்கள் கடையில் அவர் போட்ட மொத்த பிரிண்ட் பத்து இருந்தால் அதிகம்.

அந்த வருடம் கண்காட்சிக்குப் படம் சேர்க்கக் கடைசி நாள். என் மேஜையில் பதினாறு படம் வரிசையில் இருந்தது. அதில் ஒன்பது பூநாரை. மத்தியானம் நடராஜ் கேமராவின் மெமரி கார்டை நீட்டினார். முதல் மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம் எடுத்த படம் என்றார். வெளிர்ச் சாம்பல் வானம். நடுவில் ஒரு கரிச்சான், இரட்டை வாலை விரித்து, தலையை முதுகுப் பக்கமாக முறுக்கிக்கொண்டு, அந்தரத்தில் கரணம் போடுகிறது. அலகு திறந்திருக்கிறது. இருபத்தெட்டு வருடத்தில் என் மேஜைக்கு வந்த நல்ல படங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், இது அதில் ஒன்று.

வானம் முழுக்கப் புள்ளி. சின்னச் சின்னதாக, மங்கலாக, சாம்பல் நிறத்தில் பொட்டுப் பொட்டாக இருந்தது. பழைய கேமரா, லென்ஸை வெளியில் வைத்துக் கழற்றி மாட்டுகிற ஆள், வேறு என்னவாக இருக்கும்? தொழில் தெரிந்த எவருக்கும் பார்த்த உடனே புரியும். எனக்கும் பார்த்த உடனே புரிந்துவிட்டது.

"மேடம், அந்தப் புள்ளியெல்லாம் வந்துங்க…" என்று நடராஜ் ஆரம்பித்தார்.

"தெரியுது சார். நாங்க பாத்துக்கிடுதோம். நீங்க டென்ஷன் எடுக்காதீங்க."

"இல்லைங் மேடம், அது என்னன்னா…"

"சார், இன்னும் பதினாறு கெடக்கு. ஒங்களது நேரா கண்காட்சி ஹாலுக்கே போயிரும். நிம்மதியாப் போயிட்டு வாங்க."

அவர் ஷிஃப்டுக்கு நேரமாகியிருந்தது. தொழில் தெரிந்த அம்மா, இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாள் என்று நம்பிப் போய்விட்டார். எங்கள் திருநெல்வேலிக்காரர்களின் உறுதிக்கு ஒரு அழகு உண்டு. தப்பாக இருக்கும்போதுதான் அது இன்னும் எடுப்பாகத் தெரியும்.

நாற்பத்து மூன்று புள்ளி. ஒவ்வொன்றாகத் துடைத்தேன். எண்ணிக்கை எப்படித் தெரியும் என்றால், துடைக்கத் துடைக்க எண்ணுவது என் பழக்கம். முடித்தபோது வானம் துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி இருந்தது. பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் ஆகா என்றார். பிரிண்ட் போட்டு, உறையில் வைத்து, கடை வண்டியில் ஹாலுக்கு அனுப்பினேன். நடராஜ் அந்தப் பிரிண்டைப் பார்க்கவே இல்லை.

இரண்டு வாரம் கழித்துப் படம் தேர்வாகிவிட்டது என்று அவருக்குச் செய்தி வந்தது. முதல் மூன்று இடத்துக்கான பட்டியலில் இருப்பதாகவும் யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். தொழிற்சாலையில் தன் செக்‌ஷன் முழுவதையும் திறப்பு விழாவுக்கு அழைத்துவிட்டார். விதிப்படி மூலக் கோப்பையும் அனுப்பினார். அடுத்த நாள் காலை கடை திறந்ததும் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் போன். அதில் சங்கத்தின் கடிதம்.

படத்தில் இருந்த உயிரினங்களை நீக்கியிருக்கிறீர்கள், நாளை காலை பதினொரு மணிக்கு நேரில் வந்து விளக்கம் தரவும், தவறினால் மூன்று வருடம் தடை, பெயர் அறிவிப்புப் பலகையில் போடப்படும் என்று அதில் இருந்தது.

"ஏனுங்க மேடம், நான் எதையாச்சும் அழிக்கச் சொன்னனுங்களா?" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எந்த உயிரினம் சார்? தூசியைத்தானே எடுத்தேன்."

"ஈசலுங்க. மொத மழைக்குக் கெளம்புன ஈசல். அதைத்தான் கரிச்சான் புடிக்குது. அது இல்லாட்டி அது எதுக்குங்க அப்படிக் கரணம் போடுது?"

மூலக் கோப்பைத் திறந்து ஒரு புள்ளியைப் பெரிதாக்கினேன். மங்கலாகத்தான் இருந்தது. ஆனால் மங்கலுக்குள் இறக்கை இருந்தது. அடுத்த புள்ளியிலும் இருந்தது. முதல் மழைக்கு டியூப்லைட்டைச் சுற்றி ஈசல் மொய்ப்பதை வருடா வருடம் பார்த்து, விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப் போகிறவள் நான். முதல் மழை என்று அந்த மனிதர் என்னிடம் சொல்லியும் இருந்தார். எனக்கு ரொம்ப அவமானமாக இருந்தது. அதை மறைத்து எழுத விரும்பவில்லை.

"நாளைக்கு என்னைக் கள்ளன்னு போர்டுல போடுவாங்க. எங்க லைன்ல பசங்க என்ன சொல்லுவாங்க தெரியுங்களா? இன்ஸ்பெக்டரே அரத்தால ராவி உள்ள தள்ளிட்டான்னு சொல்லுவாங்க. அப்பறம் நான் எப்படிங்க ஒருத்தனோட சாமானைத் தேறாதுன்னு தூக்கிப் போடறது?"

நானும் நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். மராத்திக்காரர், நல்ல மனிதர். எது நடந்தாலும் 'ஜாவூ த்யா' என்பார், விட்டுத்தள்ளுங்கள் என்று அர்த்தம். பிரிண்டர் புகைந்தபோதும் அதைத்தான் சொன்னார். இப்போது மட்டும் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு, சங்கத்தின் மொத்த பிரிண்ட் வேலையும் நம் கடைக்குத்தான் வருகிறது, உங்களுக்குத் தெரியாதா என்றார். தெரியும் என்றேன். வாடிக்கையாளர் கேட்டார், நாங்கள் செய்தோம், அவ்வளவுதான், எழுத்தில் எதுவும் தராதீர்கள் என்றார். ஒரு ஆள் மூன்று வருடம் போட்டியில் கலந்துகொள்ளாவிட்டால் குடியா முழுகிவிடும் என்பது அவர் வாதம். இப்படி ஒரு அறிவுரை உங்களுக்கும் ஒருநாள் வரும். சொல்கிறவர் கெட்டவராக இருக்கமாட்டார், அதுதான் தொந்தரவு. யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன். உண்மையாகவே யோசித்தேன். எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது, அந்த மேஜை எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் நடராஜின் கார்டை வாங்கி, முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். முன்னும் பின்னும் உள்ள படங்களைத் திறந்தேன். அந்தக் கரணத்தை அவர் தொடர்ச்சியாக ஆறு படம் எடுத்திருந்தார். கேமராவுக்குள் ஒட்டிய தூசி எந்தப் படத்திலும் ஒரே இடத்தில்தான் இருக்கும். அதற்குப் போக்கிடம் கிடையாது. இந்த ஆறு படத்திலும் நாற்பத்தொரு புள்ளி இடம் மாறிக்கொண்டே இருந்தது. இரண்டே இரண்டு மட்டும் மூலையில் அசையாமல் இருந்தது. நாற்பத்து மூன்றில் நிஜத் தூசி இரண்டு. என் அனுபவத்துக்கு அவ்வளவுதான் மதிப்பெண். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த நிமிடத்தை ஒன்பது பூநாரைக்குக் கொடுத்திருந்தேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு ஹாலுக்குப் பின்னால் ஒரு அறை. குழுவில் இரண்டு பேர். தலைவி, கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்ற அம்மா. அவர்தான் புள்ளிகளைப் பெரிதாக்கிப் பார்த்து இறக்கையைக் கண்டுபிடித்தவர். பக்கத்தில் செயலாளர். உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த காக்கிக் கோட்டை, ஏ.சி. அறையில், மழைக்காலத்தில், போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எண்ணிப் பார்த்தேன், பதினொரு பாக்கெட்.

பேச்செல்லாம் இந்தியிலும் ஆங்கிலத்திலும். செயலாளர் நடராஜைப் பார்த்து, இயற்கையின் முன்னால் நேர்மைதான் எங்கள் சங்கத்தின் உயிர் என்று தொடங்கினார். இப்படிப்பட்டவர்கள் நுழைவதால்தான் இந்தக் கலை கெடுகிறது என்றார். நடராஜ் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். அவருக்கு இந்தி பேச வரும். அன்றைக்கு வரவில்லை.

இங்கே உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தச் செயலாளர் இரண்டு வருடம் முன்னால் இதே கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியவர். விடியற்காலைப் பூநாரைக் கூட்டம். அந்தப் படம் என் மேஜைக்கு வந்தபோது அதன் குறுக்கே ஒரு மின்கம்பி போனது. ஓரத்தில் அவர் போன படகின் விளிம்பும், படகுக்காரரின் முழங்கையும் இருந்தன. 'அது கேமராத் தூசிதான்' என்று என்னிடம் சொன்னவர் அவர். முழங்கையைத் தூசி என்று துடைத்த கை இது. அப்போது மூலக் கோப்பைக் கேட்கும் வழக்கம் வரவில்லை. பழைய கோப்பு எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது.

வாய் வரை வந்துவிட்டது. ஒரு வாக்கியம் போதும், பதினொரு பாக்கெட்டும் காலி. ஆனால் நம்பி மேஜையில் வைத்த படத்தை வெளியில் காட்டுகிறவளிடம் நாளைக்கு நடராஜ்கூட வரமாட்டார். அதோடு, நான் அங்கே போனது என் தப்பைச் சொல்வதற்கு. இன்னொருவர் தப்பைச் சொல்லி என்னுடையதைச் சின்னதாக்கிக்கொள்வது, அதுவும் ஒரு வகைத் திருத்தல் வேலைதான். அதனால் மென்று விழுங்கினேன். லேசில் இறங்கவில்லை.

"படத்தை நான்தான் திருத்தினேன்" என்றேன். "இவர் அழிக்கச் சொல்லவில்லை. இரண்டு தடவை என்னவோ சொல்ல வந்தார், நான் பேச விடவில்லை. பிரிண்டைக்கூட இவர் பார்த்ததில்லை. ஔந்த் கடையில், மாடியில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவேனே, அந்த மேஜை என்னுடையது."

செயலாளர் அப்போதுதான் என் முகத்தை முழுசாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, கோட்டில் ஒரு பாக்கெட்டைத் திறந்தார், மூடினார். அதற்குப் பிறகு நேர்மையைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை.

ஆறு படத்தையும் லேப்டாப்பில் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிக் காட்டினேன். புள்ளிகள் நகர்ந்தன. தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி ஓட்டச் சொன்னார். மூன்றாம் தடவை ஓட்டியபோது, "இந்தப் பறவை ஒன்றைப் பிடித்தும் விட்டது, பாருங்கள்" என்று நடராஜைக் கூப்பிட்டுக் காட்டினார். ஐந்தாவது படத்தில் அலகு மூடியிருந்தது. நடராஜ் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார்.

தீர்ப்பு ஐந்து நிமிடத்தில் வந்தது. தடை இல்லை, பலகையில் பெயர் இல்லை. ஆனால் போட்டிக்கு வந்த பிரிண்ட் விதியை மீறியது, அது யார் கை என்றாலும் மீறல்தான். பரிசுப் பட்டியலிலிருந்து படம் போகும். விரும்பினால், உள்ளது உள்ளபடி புதுப் பிரிண்ட் போட்டு, போட்டிக்கு வெளியே மாட்டிக்கொள்ளலாம். அது நியாயம்தான். நியாயமாக இருந்ததால் ஆறுதலாக இருந்தது என்று நினைக்காதீர்கள். அந்த மனிதரின் பரிசை நான் என் கையால் துடைத்திருந்தேன்.

வெளியே வந்ததும் நடராஜ் கேட்டார். "மேடம், ஒரு சீட்டு எழுதித் தருவீங்களா? என்ன கொறை, யாரு கையில ஆச்சு, எப்போ ஆச்சுன்னு. எங்க லைன்ல அப்படித்தாங்க. வாயால சொன்னா செல்லாது."

கடையின் தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். முதலாளி எழுத்தில் தராதீர்கள் என்று சொன்னதெல்லாம் ஞாபகம் இருந்தது. நடராஜ் அதைத் தன் செக்‌ஷன் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைத்தார் என்று பின்னால் தெரிந்தது. முதலாளி இரண்டு வாரம் என்னிடம் பேசவில்லை. சங்கத்தின் வேலை அந்த வருடத்தோடு வேறு கடைக்குப் போனது. என்னை ஒரு சீசன் முழுக்கக் கல்யாண ஆல்பத்துக்கு மாற்றினார்கள். அங்கே எதைத் துடைத்தாலும் நன்றி சொல்வார்கள். சித்தப்பாவையே எடுத்துவிடச் சொன்ன வீடு ஒன்று உண்டு.

புதுப் பிரிண்டை நானே போட்டேன், வேறொரு கடையில், என் செலவில். மூலையில் இருந்த நிஜத் தூசி இரண்டையும் துடைத்தேன், நடராஜிடம் ஒவ்வொன்றையும் காட்டிச் சரியா என்று கேட்டுவிட்டு. அவர் இரண்டையும் ஆறு படத்திலும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சரிங்க என்றார்.

திறப்பு விழாவுக்கு சிஞ்ச்வட்டிலிருந்து அவர் செக்‌ஷன் ஆட்கள் லோக்கல் ரயில் பிடித்து வந்திருந்தார்கள். படம் வாசலை ஒட்டி, குடை வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டிருந்தது. அவர்கள் அதன் முன்னால் நின்று ஈசலை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆய்வாளரின் ஆட்கள், எண்ணாமல் விடுவார்களா. நானும் நடராஜும் சற்றுத் தள்ளி நின்றோம்.

எங்கள் தமிழைக் கேட்டு ஒரு இளைஞர் வந்தார். சென்னைக்காரர், இலைச் சட்டை, கழுத்தில் கேமரா. படத்தை அருகில் போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"ஷாட் செம ஆன்ட்டி. ஆனா வானம் ஃபுல்லா சென்சார் டஸ்ட். எந்த லேப்ல குடுத்தாங்களோ, இதக்கூட க்ளீன் பண்ணத் தெரியாத ஆளுங்க."

நடராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இந்தத் தடவை அவரைப் பேச விட்டிருக்கலாம்தான். ஆனால் இது என் கணக்கு.

"நான்தான் தம்பி அந்த ஆளு" என்றேன். "ஒருவாட்டி சுத்தமாத் தொடச்சேன். நாப்பத்தொண்ணு. ஒவ்வொண்ணுக்கும் நாலு றெக்கை இருந்திச்சு."